ஆலோசகருக்குச் சம்பளம் யார் தருகிறார்?

பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கணக்கில் வந்து விழும் வாரத்தில், ஓய்வு பெற்றவருக்குத் திடீரென்று வேண்டப்பட்டவர்கள் பெருகிவிடுவார்கள். முப்பது வருடமாகக் கவுன்ட்டரில் வரிசையில் நிறுத்திய வங்கி, மேலாளர் அறையில் உட்காரவைத்து காபி தரும். ஒன்றுவிட்ட தம்பி மகன் ‘பெரியப்பா, இந்த மாசம் டார்கெட் முடிக்கணும், ஒரே ஒரு பாலிசி’ என்று வருவான். ஊருக்கு வெளியே பைபாஸை ஒட்டி மனை இருப்பதாக யாரோ போன் செய்வார். எல்லோரும் மறக்காமல் சொல்வது ஒன்று உண்டு: ‘ஆலோசனைக்குக் காசெல்லாம் வேண்டாம் சார்.’

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் போவது, என்ன கேட்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இந்தியாவில் முதலீடு பற்றிப் பேசிப் பிழைப்பவர்களில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதலாவது, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். 2013-ல் செபி இவர்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. இவர்களின் பதிவு எண் ‘ஐ.என்.ஏ.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். நீங்கள் தரும் கட்டணம் மட்டுமே இவர்களுக்கு வருமானம். உங்கள் முதலீட்டுக்காக எந்த நிறுவனத்திடமிருந்தும் கமிஷன் வாங்கக் கூடாது. இரண்டாவது, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் ஏ.ஆர்.என். எண் இவர்களுடைய அடையாளம். உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள். ஃபண்ட் நிறுவனம் கமிஷன் கொடுக்கும். மூன்றாவது, காப்பீட்டு முகவர். வங்கியில் உங்களிடம் பாலிசி நீட்டும் அதிகாரியும் இந்தக் கணக்கில்தான் வருவார். வங்கியே காப்பீட்டு நிறுவனத்தின் முகவராகப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

ஏ.ஆர்.என். வைத்திருப்பவர்கள் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஐ.என்.ஏ. வைத்திருப்பவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். அதனால்தான் உங்கள் தெருவில் முதல் வகை ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பலர் இன்று வீடியோ அழைப்பிலேயே ஆலோசனை தருகிறார்கள். எனவே தேனியில் இருப்பவர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பவரிடம் ஆலோசனை கேட்பதில் தடையொன்றும் இல்லை.

கமிஷன் வாங்குகிறவர் கெட்டவர், கட்டணம் வாங்குகிறவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. சிற்றூர்களில் வீடு தேடி வந்து படிவம் நிரப்பிக் கொடுத்து, சந்தை விழும்போது ‘விற்காதீங்க’ என்று கெஞ்சி, வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பணத்தை மாற்றிக் கொடுத்த விநியோகஸ்தர்கள் நிறையப் பேர் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாணத் தரகருக்குக் கமிஷன் இரு வீட்டாரும் கைநனைத்தால்தான் வரும். ‘இந்த வரன் வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் பொறுங்க’ என்று அவர் சொல்வது அபூர்வம். ஓய்வுக்காலத்தில் உங்களுக்குத் தேவைப்படும் நல்ல ஆலோசனைகளில் பல அந்த மாதிரியானவை: வீட்டுக் கடனின் மிச்சத்தை அடைத்துவிடுங்கள், பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள், இந்தப் பாலிசி வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் வேலை பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நிறுவனமும் கமிஷன் தருவதில்லை. கடனை அடைக்கச் சொன்னவருக்கு யார் கூலி தருவது? நீங்கள்தான் தர வேண்டும்.

கமிஷன் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும்போதே ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் ‘என்ட்ரி லோட்’ முறையை 2009 ஆகஸ்டில் செபி ஒழித்தது. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டிலும் இரண்டு வாசல்கள்: கமிஷன் அடங்கிய ‘ரெகுலர்’, கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’. ஃபண்ட் ஒன்றுதான், மேலாளர் ஒருவர்தான், செலவு மட்டும் வேறு. பங்குச் சந்தை ஃபண்டுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஆண்டுக்கு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 10 லட்சம் ரூபாய் 20 வருடம் 11 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 80.6 லட்சம். அதுவே 10 சதவீதத்தில் வளர்ந்தால் 67.3 லட்சம். 13 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதற்கு ஈடான உதவி கிடைத்தால் கொடுக்கலாம். என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள வழியும் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், ஹைதராபாத்தின் கேஃபின்டெக் ஆகிய பதிவாளர் நிறுவனங்கள்தான் ஃபண்ட் முதலீட்டாளர்களின் கணக்கு வழக்கைப் பார்க்கின்றன. உங்கள் எல்லா ஃபண்டுகளையும் ஒரே இடத்தில் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். மார்ச், செப்டம்பர் முடிந்து வரும் அரையாண்டு அறிக்கையில், உங்கள் பணத்துக்காக விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். பெரும்பாலோர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை.

பாலிசி விஷயம் இன்னும் கடுமை. முதலீட்டோடு கலந்த ஆயுள் காப்பீட்டில், முதல் வருடப் பிரீமியத்தின் கணிசமான பங்கு கமிஷனாகப் போய்விடுகிறது. 60 வயதுக்காரருக்கு, அதுவும் பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட பிறகு, பத்து வருடம் பிரீமியம் கட்டச் சொல்லும் எண்டோமென்ட் பாலிசி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. ‘எஃப்.டி. மாதிரிதான் சார்’ என்று சொல்லி ஏற்கனவே கையெழுத்து வாங்கிவிட்டார்களா? பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், ஆயுள் காப்பீட்டு நிறுவனம் சிறு பிடித்தங்கள் போக மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும். அந்த 30 நாளைத் தாண்டவைப்பதற்குத்தான் ‘பாண்டு வந்தாச்சுல்ல, மெதுவா பார்த்துக்கலாம்’ என்ற ஆறுதல்.

சரி, கட்டணம் கொடுத்தால் அந்த ஆலோசகர் என்னதான் செய்வார்? எந்த ஃபண்டு நல்லது என்று சொல்வார் என்பதுதான் பொதுவான நினைப்பு. அது அவர் வேலையில் கடைசிக் கால்பங்கு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆலையில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 56 வயது. சொந்த வீடு, மாடியில் ஒரு போர்ஷன் காலி. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து கையில் 50 லட்சம். இ.பி.எஸ். ஓய்வூதியம் மாதம் 5,000. வீட்டுச் செலவு மாதம் 40,000. புறநகரில் ஒரு மனை, இன்று விற்றால் 25 லட்சம் போகும்.

இவரே யோசித்தால் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் (2023 ஏப்ரல் வரை இது 15 லட்சமாக இருந்தது). வட்டி 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரில் 15 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 34,750. பக்கத்தில் வந்துவிட்டது, மிச்சம் 5 லட்சம் அவசரத்துக்கு, கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் போதும் என்று நிம்மதியாகிவிடுவார்.

நல்ல ஆலோசகர் இந்த இடத்தில்தான் வேலையைத் தொடங்குவார். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 40,000 ரூபாய்ச் செலவு 12 வருடத்தில் 80,000 ஆகிவிடும். மூன்று வருமானங்களில் ஒன்றுகூட விலைவாசியோடு சேர்ந்து ஏறாது. எல்லாப் பணமும் சராசரியாக 7.5 சதவீதம் ஈட்டுகிறது, செலவு மட்டும் 6 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது, குறைந்ததை அசலிலிருந்து எடுக்கிறார் என்று வருடம் வருடமாக எழுதிப் பார்த்தால், 50 லட்சம் 12 வருடத்துக்குத்தான் வரும். அவருக்கு 72 வயதாகும்போது கையில் ஒன்றும் இருக்காது. மனைவிக்கு அப்போது 68.

இந்த ஒரு வரியை அந்தத் தம்பதியின் முகத்துக்கு நேரே சொல்வதற்குத்தான் கட்டணம். பாலிசி விற்க வந்தவர் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் விற்பனை நின்றுவிடும்.

சொல்லிவிட்டு, அடுத்தது என்ன என்றும் பேச வேண்டும். மாடிப் போர்ஷனை 12,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால், வாடகையும் விலைவாசியோடு ஏறும் என்று வைத்துக்கொண்டால், அதே 50 லட்சம் சுமார் 19 வருடம் வரும். அந்த மனையையும் விற்று 25 லட்சத்தைச் சேர்த்தால், அவருக்கு 90 வயதை நெருங்கும்வரை தாங்கும். எந்த ஃபண்டையும் தொடாமலேயே வந்த மாற்றம் இது. மனையை விற்கச் சொன்னதும் வீட்டில் பெரிய மௌனம் விழும். ‘பேரனுக்குன்னு வாங்கினது’ என்பார் ஒருவர். நம் வீடுகளில் மனையும் நகையும் சொத்துக் கணக்கில் இருக்கும், செலவுக் கணக்கில் இருக்காது. அந்த உணர்வை ஆலோசகர் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். மனையை வைத்துக்கொண்டால் என்ன குறையும் என்பதை எண்ணில் காட்டிவிட்டு ஒதுங்கினால் போதும். முடிவு அவர்களுடையது.

7.5 சதவீதச் சராசரி வர வேண்டுமென்றால் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் இருக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் வங்கி வைப்புகளுக்கு அதற்குக் குறைவாகவே கிடைக்கும் காலங்கள் உண்டு, வரியும் போகும். எவ்வளவு பகுதி? இதற்குப் பொது விடை கிடையாது. முதலீட்டின் மதிப்பு ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தூங்க முடிகிறவருக்கு ஒரு அளவு, முடியாதவருக்கு ஒரு அளவு. பதிவுபெற்ற ஆலோசகர் உங்கள் இடர் தாங்கும் அளவைக் கேள்விகள் கேட்டு மதிப்பிட்டு, எழுத்தில் பதிந்து, அதற்குப் பொருத்தமானதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தக் கேள்வித்தாளை அவரே நிரப்பிவிட்டு ‘இங்க ஒரு கையெழுத்து’ என்றால், எழுந்து வந்துவிடலாம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போக வேண்டும். இதை அழுத்தியே சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கடைசியில் தனியாக நின்று அந்தப் பணத்தை நிர்வகிக்கப் போகிறவர் அவர்தான். வீட்டுச் செலவு உண்மையில் எவ்வளவு என்று தெரிந்தவரும் அவர்தான். கணவர் சொல்லும் தொகைக்கும் மனைவி சொல்லும் தொகைக்கும் இடையில் பலசரக்கு, மருந்து, மொய் என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கும். ஆலோசகர் அவரைப் பார்த்துப் பேசாமல் கணவரிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பி.எஃப். பாஸ்புக், பாலிசிப் பத்திரங்கள், கடன் பாக்கி, மருத்துவக் காப்பீடு, ஃபண்டு அறிக்கை, நாமினி விவரம் எல்லாம் கையோடு இருக்கட்டும். சொந்தத்துக்குக் கொடுத்த கைமாற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகன் வீடு வாங்கப் பணம் கேட்பாரா, மகள் கல்யாணம் பாக்கியா, ஊரில் வயதான அம்மா இருக்கிறாரா என்று அவர் குடைந்து கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் ஓய்வுப் பணம் பங்குச் சந்தையில் கரைந்த வீடுகளைவிட, பிள்ளைகளுக்குக் கொடுத்தே கரைந்த வீடுகள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன. ‘மகனுக்கு 15 லட்சம் கொடுத்தால் எங்கள் கணக்கு எத்தனை வயதில் முடியும்?’ என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கொடுப்பதும் கொடுக்காததும் வீட்டு விவகாரம்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. பதிவு எண் என்ன? செபி இணையதளத்தில் பதிவுபெற்ற இடைநிலையாளர் பட்டியல் இருக்கிறது. எண்ணையும் பெயரையும் போட்டுப் பார்த்துவிடலாம். செபியில் ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர் தன்னை ‘சுயேச்சை நிதி ஆலோசகர்’, ‘வெல்த் அட்வைஸர்’ என்றெல்லாம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று செபி 2020-லேயே தடை போட்டுவிட்டது. விசிட்டிங் கார்டில் அந்தப் பெயர்கள் இருந்து ஐ.என்.ஏ. எண் இல்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, விற்பனைக் கமிஷனும் வாங்க முடியாது. உங்களைச் சார்ந்திருக்கும் மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ எடுத்தாலும் குடும்பம் என்ற கணக்கில் ஒன்றுதான்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. நிலைத்த தொகை என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.51 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. முதலீட்டு மதிப்பில் சதவீதமாக வாங்கினால் ஆண்டுக்கு 2.5 சதவீதம். நடைமுறையில் நிலைத்த கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், பலர் இந்த வரம்புக்கு வெகு கீழேயே கேட்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நிலைத்த தொகையே மேல் என்பது என் கட்சி. சதவீதத்தில் வாங்குகிறவருக்கு, நீங்கள் கடனை அடைக்கப் பணத்தை எடுத்தால் வருமானம் குறையும். பழைய சிக்கல் வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிடும். கட்டணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ யு.பி.ஐ.யாகவோதான் தர வேண்டும், ரொக்கமாக வாங்க அவருக்கு அனுமதி இல்லை. வேலை தொடங்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும்.

பணத்தை ஆலோசகர் கணக்குக்கு மாற்றச் சொன்னால் அதோடு பேச்சை நிறுத்திவிடலாம். கட்டணம் தவிர ஒரு ரூபாயும் அவர் கணக்குக்குப் போகத் தேவையில்லை. முதலீடு உங்கள் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்கோ அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ போக வேண்டும். ஓ.டி.பி., கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் எதையும் தரக் கூடாது. ‘கேரண்டி ரிட்டர்ன்’ என்ற பேச்சை எடுக்கிறவர் விதியை மீறுகிறார் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்று ஆசை காட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,400 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-ல் வழக்குப் போட்டது. டெபாசிட்தாரர்களைக் காக்க 1997-லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சட்டம் இருந்தும், பணம் திரும்புவதற்குள் போட்டவர்கள் கிழவர்களாகிவிடுகிறார்கள்.

பணத்தை எங்கே போடுவது என்று அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். இதற்கு ஒரே ஒரு விலக்கு. 60 வயதானவர் மூத்த குடிமக்கள் திட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் 55-லிருந்து 60-க்குள் ஓய்வு பெற்றவர், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால்தான் சேர முடியும். விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் பலர் இந்தக் கெடு தெரியாமல் தவறவிடுகிறார்கள். மற்றபடி இரண்டு மூன்று மாதம் குறுகிய கால வைப்பில் பணத்தைக் கிடத்திவிட்டு யோசிப்பதால் பெரிய நஷ்டம் ஒன்றும் வராது. ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போட வேண்டாம்; வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான்.

திட்டத்தை வாங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து சரிபார்த்தால் போதும். மாதா மாதம் போன் செய்து ‘அதை விற்று இதை வாங்குங்கள்’ என்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஒரு வருடம் பார்த்துவிட்டு ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேறொருவரிடம் போகலாம். பணம் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருப்பதால் எதையும் விற்கத் தேவையில்லை. ஆலோசகர் மீதோ ஃபண்டு நிறுவனம் மீதோ புகார் இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம், 21 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பாலிசியை ஏமாற்றி விற்றிருந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மனுவை நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.